தீவுக்கு வேண்டாம், கரைக்குப் போங்க

திண்டுக்கல்காரனுக்கும் கடலுக்கும் என்னய்யா சம்பந்தம்னு கேட்பீங்க. நியாயமான கேள்விதான். எங்க ஊர்ல பூட்டு உண்டு, பிரியாணி உண்டு, மலைக்கோட்டை உண்டு. ஒரு பக்கம் சிறுமலை, இன்னொரு பக்கம் கொடைக்கானல் மலை. கடல் மட்டும்தான் கிடையாது. (பல வருஷம் குடிக்கத் தண்ணியே கிடையாது, அது வேற கதை :-))

ஆனா கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. பிறந்த குழந்தைக்குப் பால் புகட்ட வீட்டுல ஒரு சங்கு வச்சிருப்பாங்க. ஆள் போய்ச் சேர்ந்தா தெருமுனையில ஊதுறதும் சங்குதான். அந்தச் சங்கு சிறுமலையில விளையலை. தூத்துக்குடியிலயும் கீழக்கரையிலயும் மூச்சடக்கி முங்கி எடுத்தது. ரம்ஜான் மாசம் பேகம்பூர் பக்கம் நோன்பு திறக்கிற நேரத்துல வெள்ளையா, ரோஸ் கலர்ல, வில்லை வில்லையா கடல்பாசி வைப்பாங்க. அதுக்கு மூலப்பொருள் கடலுக்கடியில வளர்ற செடி. எங்க பக்கம் பெய்யற மழையிலயும் ஒரு பங்கு மருதாநதி, மஞ்சளாறு, சிறுமலையாறுன்னு வைகையில சேர்ந்து, ராமநாதபுரம் தாண்டி ஆற்றங்கரை கிராமத்துக்குப் பக்கத்துல பாக் விரிகுடாவுலதான் போய் முடியணும். பாதி வருஷம் போய்ச் சேர்றதில்லை, ஆனா வழி அதுதான். ஆக நமக்கும் அந்தக் கடலுக்கும் உறவு உண்டு. நாமதான் கண்டுக்கிறதில்லை.

எப்படிக் கண்டுக்கிறதில்லைன்னா, எங்க ஊர்ல இருந்து ராமேஸ்வரம் போற டூர் எல்லாம் ஒரே அச்சு. ராத்திரி சாப்பாட்டை முடிச்சுட்டு வேன்ல ஏறணும். விடியக்காலை அக்னி தீர்த்தத்துல முங்கணும். கோயிலுக்குள்ள 22 தீர்த்தம். மத்தியானம் தனுஷ்கோடி. 1964 புயல்ல இடிஞ்ச சர்ச் முன்னாடி ஒரு போட்டோ. சாயங்காலம் ரெண்டு பை சோழியும் ஒரு பாக்கெட் கருவாடும் வாங்கிட்டு வண்டி ஏறினா நடுராத்திரி வீடு. போற வழியில பாம்பன் பாலத்துல வண்டியை நிறுத்தி எல்லாரும் ரயில் பாலத்தைத்தான் பார்ப்பாங்க. முந்தி 1914ல் கட்டினது, இப்போ 2025 ஏப்ரல்ல திறந்த புதுப் பாலம். பார்க்க வேண்டியதுதான். ஆனா ராமேஸ்வரம் நோக்கிப் போகும்போது வலது கைப்பக்கம், தெற்கே, தண்ணிக்கு மேல பச்சையா ஒரு கோடு தெரியும். அது என்னன்னு வேன்ல ஒருத்தரும் கேட்டு நான் பார்த்ததில்லை. அதுதான் குருசடைத் தீவு.

குருசடை ஒண்ணு மட்டும் இல்லை. பாம்பன்ல இருந்து தூத்துக்குடி வரைக்கும் கரையை ஒட்டி வரிசையா 21 தீவுகள். மன்னார் வளைகுடா தேசியப் பூங்கான்னு 1986ல் அறிவிச்சாங்க. 1989ல் அதைச் சுத்தி 10,500 சதுர கிலோமீட்டர் கடலையும் கரையையும் சேர்த்து உயிர்க்கோளக் காப்பகம் ஆக்கினாங்க. தெற்கு, தென்கிழக்கு ஆசியாவுலயே கடலுக்குன்னு வந்த முதல் உயிர்க்கோளக் காப்பகம் இதுதான். 2001ல் யுனெஸ்கோ பட்டியலுக்கும் போயாச்சு.

பேரைக் கேளுங்க. மண்டபம் பக்கம் ஏழு: சிங்கிள், குருசடை, புள்ளிவாசல், பூமரிச்சான், மனோலிபுட்டி, மனோலி, முசல். கீழக்கரை பக்கம் ஏழு: முள்ளி, வாழை, தலையாரி, அப்பா, பூவரசன்பட்டி, வாலிமுனை, ஆனைப்பார். வேம்பார் பக்கம் மூணு: நல்லதண்ணி, புலுவினிச்சல்லி, உப்புத்தண்ணி. தூத்துக்குடி பக்கம் நாலு: காரியாச்சல்லி, விலாங்குச்சல்லி, காசுவார், வான். இதுல முசல் தீவுதான் பெருசு, சுமார் 129 ஹெக்டேர். (தூத்துக்குடி துறைமுகத்துப் பக்கம் பிக்னிக் போற முயல் தீவு வேற, இது வேற. குழப்பிக்காதீங்க.) நல்லதண்ணின்னு ஒரு தீவு, உப்புத்தண்ணின்னு ஒரு தீவு. பேர் வச்சவன் எவனோ தாகத்தோட படகுல வந்து இறங்கி, குழி தோண்டி வாயில வச்சுப் பார்த்துட்டுத்தான் வச்சிருக்கணும். வேற எப்படி வரும் அந்தப் பேரு?

சரி, மேட்டருக்கு வருவோம்.

கொஞ்ச காலமா ஒரு பேச்சு பலமா அடிபடுது. "தமிழ்நாட்டு மாலத்தீவு", "யாருக்கும் தெரியாத சொர்க்கம்"னு வீடியோ மேல வீடியோ. கூடவே ஒரு கோரிக்கை: இந்தத் தீவுகளை எல்லாம் சுற்றுலாவுக்குத் திறந்து விடணும், ரிசார்ட் வரணும், வேலைவாய்ப்பு பெருகும், அவனவன் மாலத்தீவு போய் டாலரைக் கொட்டறான், நாம 21 தீவைச் சும்மா பூட்டி வச்சிருக்கோம். பூட்டு ஊர்க்காரனான எனக்கு இந்த 'பூட்டி வச்சிருக்கோம்'கிற வார்த்தைதான் உறுத்துச்சு. எதைப் பூட்டணும், சாவி யார் கையில இருக்கணும்னு ரெண்டு கேள்வி இருக்கு. நான் சொல்ல வந்தது இதுதான்: தீவுகளைத் திறக்கக் கூடாது. ஆனா இப்போ பூட்டியிருக்கிற விதமும் சரியில்லை.

முதல் கேள்வி, ஏன் திறக்கக் கூடாது?

இந்தத் தீவுகள் மலை மாதிரி, பாறை மாதிரி ஸ்திரமான நிலம் கிடையாது. பவளப்பாறை உடைஞ்சு பொடியாகி, அந்தப் பொடியும் மணலும் சேர்ந்து மேடானதுதான் தீவு. 'சல்லி'ன்னு முடியற பேர்களைப் பாருங்க, உடைஞ்ச கல்லுக்கு நாம சொல்ற அதே சல்லிதான்னு எனக்குத் தோணுது. தீவைச் சுத்தித் தண்ணிக்கடியில பவளப்பாறை வேலி மாதிரி நிக்குது. அலையோட வேகத்தை அது வாங்கிக்குது. உள்ள இருக்கிற மணல் மேடு தப்பிச்சுக்குது. வேலியை எடுத்துட்டா? தோட்டம் போயிரும்.

அப்படித்தான் போச்சு. பவளம்னதும் நாம ஏதோ நகைக்கடைச் சமாச்சாரம்னு நினைக்கிறோம். தூத்துக்குடி பக்கமும் மண்டபம் பக்கமும் பல பத்து வருஷம் இந்தப் பாறையை வெட்டி எடுத்துச் சுண்ணாம்புக் காளவாசலுக்கும், வீடு கட்டறதுக்கும், தொழிற்சாலைக்கும் அனுப்பினாங்க. படகு படகா. 2001ல் பவளத்தை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணையில, அதாவது புலிக்கும் யானைக்கும் சமமா, சேர்த்தாங்க. சுனாமிக்குப் பிறகு, 2005 வாக்குல வெட்டறது ஒரு வழியா நின்னுச்சு. அதுக்குள்ள பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் கடலுக்குள்ள போயிருச்சு. பட்டியல்ல 21, தண்ணிக்கு மேல 19. ரெண்டு தீவை நாம சுண்ணாம்பா அடிச்சுட்டோம் மக்களே.

அடுத்து வரிசையில நிக்கிறது காரியாச்சல்லி. 1969ல் அது சுமார் 20 ஹெக்டேர். இப்போ மூணு ஹெக்டேர் சொச்சம். பக்கத்துல வான் தீவு ரெண்டாப் பிளந்து போற நிலைமையில இருந்தது. 2015க்கு அப்புறம் அதுக்கு முன்னாடி கடலுக்கடியில சிமெண்ட்ல செஞ்ச செயற்கைப் பாறைகளை வரிசையா இறக்கினாங்க. தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையம் இதுல முக்கியமான வேலை பார்த்துச்சு. மணல் ஒதுங்க ஆரம்பிச்சு, தீவு கரையறது மட்டுப்பட்டுச்சு. இப்போ அதே வைத்தியத்தைக் காரியாச்சல்லிக்கும் செய்ய அரசு இறங்கியிருக்கு. வரவேற்கிறேன். ஆனா பாருங்க, இயற்கை ஆயிரக்கணக்கான வருஷமா இலவசமா கட்டித் தந்த வேலியை உடைச்சு வித்துட்டு, இப்போ கோடிக்கணக்குல செலவழிச்சு சிமெண்ட் வேலி போடுறோம்.

இதுல இன்னொரு அடி மேல இருந்து விழுது. பவளம்ங்கறது கல்லு இல்லை, உசிரு. குண்டூசித் தலை அளவுல இருந்து பட்டன் அளவு வரைக்கும் இருக்கிற பூச்சி மாதிரி ஜீவன்கள் லட்சக்கணக்குல சேர்ந்து சுண்ணாம்பால வீடு கட்டிக்கிட்டு வாழுது. அதோட உடம்புக்குள்ளயே நுண்பாசி குடியிருக்கு. பவளத்துக்குச் சோறும் கலரும் குடுக்கிறது அந்தப் பாசிதான். கடல் தண்ணி வழக்கத்தை விட ஒண்ணு ரெண்டு டிகிரி கூடுதலாச் சுட்டு, அது சில வாரம் நீடிச்சா, பவளம் அந்தக் குடித்தனக்காரனை வெளிய தள்ளிடும். வெளுத்துப் போயிரும். சீக்கிரம் தண்ணி குளிர்ந்தா பிழைச்சுக்கும், இல்லைன்னா பட்டினியில சாகும். மன்னார் வளைகுடாவுல 1998, 2010, 2016, 2024னு இப்படிப் பெரிய அளவுல வெளுத்திருக்கு. முதல் இடைவெளியை விட அடுத்த இடைவெளிகள் குறைவா இருக்கறதைக் கவனிங்க. ஒரு காய்ச்சல்ல இருந்து எழுந்து உட்கார்றதுக்குள்ள அடுத்த காய்ச்சல்.

இப்படி ஐ.சி.யூ.வுல படுத்திருக்கிறவரைப் பார்க்க வேன் வேனா ஆளை அனுப்பணும்னு சொல்றோம்.

"அதெல்லாம் முறையா நடத்தினா ஒண்ணும் ஆகாது"ன்னு சொல்றவங்களுக்கு ரெண்டு உதாரணம். தாய்லாந்துல மாயா பேன்னு ஒரு குட்டி விரிகுடா. ஒரு ஹாலிவுட் படத்துல காட்டினதும் உலகமே அங்க போய் இறங்குச்சு, ஒரு நாளைக்கு 5,000 பேர் வரைக்கும். படகோட நங்கூரமும் ஆளுங்க காலும் பட்டே பவளம் நொறுங்கிப் போச்சு. 2018 ஜூன்ல இழுத்து மூடினவங்க 2022 ஜனவரியிலதான் திறந்தாங்க. அதுவும் குறைஞ்ச கூட்டத்துக்கு மட்டும், படகு உள்ள வரக்கூடாதுங்கற நிபந்தனையோட. சுற்றுலாவுலயே சம்பாதிக்கிற நாடு, அந்த நாடே மூட வேண்டி வந்துச்சு.

தாய்லாந்து தூரம்னா இன்னொண்ணு நம்ம மாவட்டத்துலயே இருக்கு. கொடைக்கானல். சீசன் நேரத்துல வத்தலக்குண்டு ரோட்டுல மலை ஏறினவங்களுக்குத் தெரியும். மணிக்கணக்குல நிக்கிற வண்டி, சரிவு பூரா பிளாஸ்டிக், ஏரித் தண்ணியோட நிறம். கடைசில சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு 2024 மே 7ல் இருந்து இ-பாஸ் கொண்டு வர வேண்டியதாச்சு. 2025 சீசனுக்கு ஒரு நாளைக்கு 4,000 வண்டி, வார இறுதின்னா 6,000ன்னு கணக்கு வச்சாங்க. அவ்வளவு பெரிய மலையே நம்மளைத் தாங்கலை. மூணு ஹெக்டேர் மணல் மேடு தாங்குமா? மலையில குப்பை போட்டா கண்ணுக்குத் தெரியும், வழக்குப் போட ஆள் வரும். தண்ணிக்கடியில நொறுங்கறதுக்கு யார் வழக்குப் போடுவா?

அதனால தீவுல கால் வைக்கிறதுக்கு எதிரா இருக்கிற தடை சரிதான்ங்கறது என் கட்சி. இதுவரைக்கும் சூழல் ஆர்வலர்கள் எல்லாரும் தலையாட்டுவாங்க. இனிமே சொல்லப் போறதுக்குச் சில பேர் முகம் சுளிக்கலாம்.

ரெண்டாவது கேள்வி, சாவி யார் கையில?

பாம்பன், சின்னப்பாலம், ஏர்வாடின்னு அந்தக் கரை நெடுக பாசி எடுக்கிற பெண்கள் இருக்காங்க. அம்மா, பாட்டின்னு தலைமுறை தலைமுறையா. விரல்ல துணியைச் சுத்திக்கிட்டு, கண்ணுல ஒரு கண்ணாடி, இடுப்புல வலைப் பை, உடம்புல சேலைக்கு மேல ஒரு சட்டை. மூச்சை அடக்கிக்கிட்டு உள்ள போய்க் கையால பறிச்சு மேல வருவாங்க. அவங்க எடுக்கிற பாசியில ஒண்ணுக்கு அவங்க வச்சிருக்கிற பேரு என்ன தெரியுமா? மரிக்கொழுந்து! நிலக்கோட்டை பூ மார்க்கெட்டுல நாம வாசம் பிடிச்சு வாங்கற மரிக்கொழுந்தேதான் பேரு. இன்னொண்ணு கட்டக்கோரை, இன்னொண்ணு கஞ்சிப்பாசி. மதுரைப் பக்கம் இருக்கிற ஆலைகளுக்குப் போய் அகர் ஆகி, ஐஸ்கிரீம்ல இருந்து பரிசோதனைக்கூடம் வரைக்கும் போகுது.

1986ல் தேசியப் பூங்கான்னு கோடு போட்டப்போ இவங்க வேலை பார்த்த இடம் அந்தக் கோட்டுக்குள்ள போயிருச்சு. நேத்து வரைக்கும் வயல், இன்னைக்கு அத்துமீறல். ஆரம்பத்துல கெடுபிடி கம்மி. 2000க்கு அப்புறம் காவல் கூடக்கூட, படகைப் பிடிக்கிறது, பாசியைப் பறிமுதல் பண்றதுன்னு ஆச்சு. இத்தனைக்கும் இந்தப் பெண்கள் சும்மா இருக்கலை. தாங்களே கூடிப் பேசி, மாசத்துக்கு 12 நாள்தான் போறதுன்னு வச்சுக்கிட்டாங்க. பாறையைச் சுரண்டற இரும்புக் கருவி வேண்டாம்னாங்க. பாசி மறுபடி துளிர்க்க இடைவெளி விட்டாங்க. இதை முன்னால நின்னு ஒருங்கிணைச்ச சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு, உலகத்துத் தீவுகளோட பாதுகாப்புக்காகவே இயங்கற அமெரிக்காவோட சீகாலஜி அமைப்பு 2015ல் விருது குடுத்துச்சு. தீவைக் காப்பாத்தினதுக்கு வெளிநாட்டுல விருது, தீவுப் பக்கம் போனா உள்நாட்டுல அபராதம். என்னத்த சொல்ல!

இதே நேரத்துல குந்துகால்ல இருந்து குருசடைப் பக்கம் சுற்றுலாப் படகு கிளம்புது. 1897 ஜனவரியில விவேகானந்தர் வந்து இறங்கின அதே குந்துகால்தான். டிக்கெட் எடுத்தா நானும் நீங்களும் போகலாம். வழிவழியா அங்க போன அம்மா போகக் கூடாது. வனத்துறை நடத்தற படகு கட்டுப்பாடோடதான் போகுது, அது கண்டபடி ஆளை இறக்கிவிடற தனியார் கூத்து இல்லை, ஒத்துக்கறேன். ஆனா நியாயம்னு ஒண்ணு இருக்கில்ல? வேடிக்கை பார்க்கிறவனுக்கு முதல் உரிமை, வயித்துப் பாட்டுக்குப் போறவளுக்குக் கடைசி உரிமைன்னா, அது பாதுகாப்பு இல்லைங்க. பழைய ஜமீன் வேட்டைக்காடு மாதிரின்னு வச்சுக்கோங்க. ஊர்க்காரன் விறகு பொறுக்கக் கூடாது, துரை வந்து கேம்ப் போடலாம்.

"அவங்க மிதிச்சாலும் பவளம் உடையும்தானே?" உடையும். மறுக்கலை. நிறைய பேர் நிறைய நாள் இறங்கினா கண்டிப்பா சேதம்தான். அதனாலதான் எத்தனை பேர், எந்தெந்தப் பாருல, எத்தனை நாள்னு அவங்களோட உட்கார்ந்து பேசிக் கணக்கு வைக்கணும்னு சொல்றேன். ('பார்'னா அந்தக் கரையில கடலடிப் பாறைத்திட்டு.) அவங்க ஏற்கெனவே பாதிக் கணக்கைத் தாங்களா வச்சுட்டாங்க. மீதியை எழுத்துல போட்டு அடையாள அட்டை குடுத்தா, சம்பளம் இல்லாத காவல்காரங்க நூத்துக்கணக்குல கிடைப்பாங்க. எந்தப் பாறை எப்போ வெளுத்துச்சு, எவன் வெடி போட்டான், எந்தப் படகு ராத்திரி கடல் அட்டை கடத்துதுன்னு அவங்களுக்குத் தெரியாததா? கடல் அட்டை பிடிக்க 2001ல் இருந்தே தடை, இன்னும் மூட்டை மூட்டையா பிடிபடுதுன்னு பேப்பர்ல வந்துக்கிட்டுத்தான் இருக்கு. நாலு ரோந்துப் படகால இவ்வளவு நீளக் கரையைப் பார்த்துக்க முடியாது.

சேதத்தைப் பத்திப் பேசினா பெரிய சேதத்தையும் பேசணும். இழுவைமடி. விசைப்படகு கடல் தரையை வாரிக்கிட்டே போகும்போது மீனோட கடல்புல்லும் வேரோட வரும். அந்தப் புல்லு போனா ஆவுளியா போச்சு. ஆவுளியான்னா கடல் பசு. பசு மாதிரியே புல் மேயற ஜீவன், ஒரு நாளைக்கு 30, 40 கிலோ தின்னும். அதே மாதிரிக் குட்டிக்குப் பால் குடுக்கும். ஒரு குட்டிக்கும் அடுத்த குட்டிக்கும் நடுவுல மூணுல இருந்து ஏழு வருஷம் ஆகும். ஒண்ணு செத்தா ஈடு கட்ட அம்புட்டு காலம். 2022 செப்டம்பர்ல தமிழக அரசு பாக் விரிகுடாவுல தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டரைக் கடல் பசுப் பாதுகாப்பகமா அறிவிச்சது. இந்தியாவுல இதுதான் முதல். வலையில மாட்டின ஆவுளியாவை வலையை அறுத்து விட்ட மீனவர்களுக்கு அரசு சன்மானமும் குடுக்குது. பாருங்க, இங்க மீனவனைக் கூட்டாளியா சேர்த்தாங்க, வேலை நடக்குது. அதே புத்தி தீவு விஷயத்துல ஏன் வரக்கூடாது?

கரையில இருந்து மூணு கடல் மைலுக்குள்ள விசைப்படகு மீன் பிடிக்கக் கூடாதுன்னு 1983லேயே சட்டம் போட்டாச்சு. அதை ஒழுங்கா அமல்படுத்தினாலே பாதி வைத்தியம் ஆச்சு. கையால பாசி பறிக்கிற அம்மாவைப் பிடிக்கிறது சுலபம், நூறு குதிரைத் திறன் எஞ்சினைப் பிடிக்கிறது கஷ்டம். கஷ்டமானதை விட்டுட்டுச் சுலபமானதைச் செய்யறதுக்குப் பேரு நிர்வாகம் இல்லை.

சரி, குறை மட்டும் சொல்லிட்டுப் போனா எப்படி. நம்ம மாதிரி உள்நாட்டு ஆளுங்க இந்தக் கடலைப் பார்க்கவே கூடாதா? கண்டிப்பா பார்க்கணும். பார்க்காத ஒண்ணுக்காக எவனும் வாய் திறக்க மாட்டான். அதுக்குத் தீவுல இறங்கித்தான் ஆகணும்னு இல்லை.

ராமநாதபுரம் மாவட்டத்துல தொண்டி பக்கம் காரங்காடுன்னு ஒரு மீனவக் கிராமம். அலையாத்திக் காட்டுக்கு நடுவுல படகுல கூட்டிட்டுப் போறாங்க. வனத்துறையும் ஊர்க்காரங்களும் சேர்ந்து நடத்தறது. படகு ஓட்டறதும் ஊர்க்காரங்க, சமைச்சுப் போடறதும் ஊர்ப் பெண்கள். காசு ஊருக்குள்ளயே சுத்துது. அதே மாதிரி மண்டபத்துக்கு முன்னாடி பிச்சைமூப்பன்வலசை. தண்ணி தெளிவா இருக்கிற நாள்ல படகுல போய்க் கண்ணாடி மாட்டிக்கிட்டு எட்டிப் பார்த்தா கடல்புல், நட்சத்திர மீன், அதிர்ஷ்டம் இருந்தா இன்னும் என்னென்னமோ. மண்டபம் கேம்ப்ல மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தோட கண்காட்சியும் மீன் தொட்டிகளும் இருக்கு. 1947ல் ஆரம்பிச்ச நிறுவனம், 1971 வரைக்கும் தலைமையகமே மண்டபத்துலதான் இருந்துச்சு. குழந்தைகளைக் கண்டிப்பா கூட்டிட்டுப் போங்க. ஆண் கடல்குதிரைதான் குட்டியை வயித்துப் பையில சுமக்கும்னு புத்தகத்துல படிக்கிறதை விட நேர்ல ஒரு கடல்குதிரையைக் காட்டிச் சொன்னா எந்தப் பிள்ளையும் மறக்காது.

ஆக என் கோரிக்கை ரொம்பச் சின்னது.

ஒண்ணு, தீவுகள்ல மனுஷக் கால் படற சுற்றுலா எந்த ரூபத்துலயும் வேண்டாம். 'சூழல்'ங்கற வார்த்தையை முன்னாடி ஒட்டிக்கிட்டு வந்தாலும் வேண்டாம்.

ரெண்டு, சுற்றுலாக் காசு எல்லாம் கரைக் கிராமங்களுக்குப் போகட்டும். காரங்காடு மாதிரி இன்னும் பத்து ஊர் வரட்டும். ரிசார்ட் முதலாளிக்கு இல்லை.

மூணு, பாசி எடுக்கிற பெண்களோட வரம்பை அவங்களோட உட்கார்ந்து பேசி எழுத்துல போடுங்க. தடை போட்ட இடத்துல வேற பொழப்புக்கு வழி சொல்லுங்க. கப்பாஃபைகஸ்னு வெளிநாட்டுப் பாசியை மிதவையில வளர்க்கச் சொல்றதை மட்டும் ஒரே வழியா காட்டாதீங்க. அது குருசடைப் பக்கம் பவளத்து மேல படர்ந்து மூடினதை விஞ்ஞானிகள் 2008லேயே எழுதிட்டாங்க. சீமைக் கருவேலத்தால பட்ட பாடு ராமநாதபுரத்துக்காரங்களுக்குத் தெரியும்.

நாலாவது நமக்கு. சோழி, சங்கு, பவளத்துண்டுன்னு கடையில பார்க்கிறதை எல்லாம் அள்ளிட்டு வராதீங்க. அதுல சிலது சட்டப்படியே குத்தம். அதே மாதிரி சிறுமலையில நாம வீசற பாலிதீன் பையும் மழையோட சேர்ந்து வைகைக்குத்தான் வழி தேடும். ஒரு நல்ல மழை வருஷத்துல அது ஆற்றங்கரை தாண்டிப் போகும். கடல் ஆமைக்கு ஜெல்லி மீன் எது, திண்டுக்கல் பாலிதீன் பை எதுன்னு தெரியாது.

அடுத்த தடவை ராமேஸ்வரம் டூர் போடறவங்க ஒரு நாள் கூடப் போட்டுக்கோங்க. கோயிலும் தனுஷ்கோடியும் எங்கயும் ஓடிப் போகாது. காரியாச்சல்லியைப் பத்தி அப்படிச் சொல்ல முடியலை.